மூடி திறந்தார் அறிவிழக்கும் முறை: ஓர் ஆய்வு

தேனீப் பெட்டியின் மேல்மூடியைத் தூக்கி, அடைகளை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து, இராணி உண்டா, முட்டை உண்டா, மெழுகுப்பூச்சி புகுந்துள்ளதா என்று பார்த்து, எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்து மூடுவது கூட்டு ஆய்வு எனப்படும். பெட்டி வாங்கி ஓராண்டு நிறையாதவரும், ஆயினும் வரப்போகும் தேனில் எந்தச் சம்பந்தி வீட்டுக்கு எத்தனை பாட்டில் என்பதை முன்னமே முடிவுசெய்துவிட்டவருமாகிய ஒருவர், அதாவது முதலாண்டினர், இதனைச் செய்யும்போது அவரிடத்து நிகழும் மாற்றங்களே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். ஆய்வுக்களம், கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியில் ரப்பர் தோட்டங்களை ஒட்டிய வீட்டுக் கொல்லைகள். ஆய்வுக்குரிய பெட்டி, இந்தியத் தேனீக்கு ஏற்ப அருட்தந்தை நியூட்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த, புழு அறையில் 7 சட்டங்கள் கொண்ட நியூட்டன் பெட்டி. புவியீர்ப்பை விளக்கிய நியூட்டனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு, நடுங்கும் கையிலிருந்து சட்டம் நழுவும்போது மட்டுமே புலப்படும்.

முதலாண்டினர் மூவகையர். திறக்கவே அஞ்சுவோர் முதல் வகை. இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாள்தோறும் திறப்போர் இரண்டாம் வகை. தொல்லை மிகுந்தால் இந்தியத் தேனீ கூண்டோடு பறந்துவிடுமாகையால், இவர்கள் விரைவில் வெறும்பெட்டியாளர் என்னும் வேறு இனத்துள் அடங்கிவிடுகின்றனர். வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை திறக்கும் மூன்றாம் வகையினரே ஈண்டு ஆராயத்தக்கவர்.

தொல்காப்பிய மரபியல், மரத்தைத் தொட்டறிவு மட்டுமே உடைய ஓரறிவுயிராகவும், தும்பியை நண்டோடு சேர்த்துச் செவிப்புலன் ஒழிந்த நான்கறிவுயிராகவும், மனிதரை ஆறறிவுயிராகவும் வகுத்துள்ளது. அத்தும்பி தேனீயா, கருவண்டா, தட்டானா என்ற வழக்கில் மூன்று தரப்பினரும் கருத்தரங்க மேடைகளில் ஒருவரையொருவர் கொட்டிக்கொண்டதற்குச் சான்றுகள் மிகுதி. அவர்களுள் எவரையும் தேனீ கொட்டியதற்குச் சான்றில்லை. தேனீ என்றே கொண்டால், மூடியைத் தூக்கியவர் அதனிடம் சொல்லும் சமாதானங்கள் பயன்படாமைக்குக் காரணம் விளங்கிவிடும்.

இதுவரை எவரும் கவனியாதது, மூடி திறந்த சில நிமிடங்களுக்குள் ஆறறிவுடையவர் மரபியலின் படிகளில் ஒவ்வொன்றாகக் கீழிறங்குவதாகும். முதலில் கழல்வது ஆறாவதாகிய மன அறிவு, மூன்று நாள் பயிற்சியில் குறிப்பேடு நிறைய எழுதியதெல்லாம் முகத்திரை அணிந்த கணத்திலேயே அகன்றுவிடும் (மூடியின் உட்புறத்துக் கரிக்கோட்டுக் குறிப்பு, வரி 2 கரையானால் சிதைந்தது). அடுத்து, ஆயிரக்கணக்கான இறகுகளின் இரைச்சலில் செவி போகிறது. வீட்டிலிருந்து "பக்கத்தில போகாதீங்க" என்ற குரல் மும்முறை எழுந்தும் அவர் திரும்பாமை இதனை உறுதிப்படுத்தும். கண் போவது வியர்வையாலும், புகைப்பானில் எரியும் தேங்காய் மட்டையின் புகையாலும். தேனீக்களின் எச்சரிக்கை மணத்தை மறைத்து அவற்றை அடக்குவதற்கென்று ஏற்பட்ட அப்புகை, காற்று மாறி அடிக்குங்கால் ஊதுபவரையே முந்தி அடக்கிவிடுகிறது. மூக்கோ இறுதிவரை ஏமாற்றும்: கொட்டிய கொடுக்கிலிருந்து எழும் அந்த எச்சரிக்கை மணம் வாழைப்பழ வாசனையை ஒத்ததாகையால், அருகில் குலை பழுத்திருப்பதாக எண்ணி மகிழ்ந்தவர் உளர். நா உலர்தலுக்கு விளக்கம் வேண்டா.

எஞ்சுவது தொட்டறிவு ஒன்றே. அதுவும் புறங்கை, கணுக்கால், காதுமடல் என்னும் முறையில் கூர்மையடைகிறது. இந்நிலையில் அவர் செய்தது யாது என்பதில் பாடபேதம் உண்டு. மதில்மேல் முறம் வைத்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த அண்டைவீட்டுப் பாட்டியாரின் வாய்மொழி (கிணற்றடிப் படி, மகள் வழி) "ஓடினார்" என்று கூற, கொல்லைப் படி (மருமகள் வழி, இடைச்செருகல் மிகுந்தது) "பறந்தார்" என்று கூறுகிறது. மதிலின் இப்பால் ஒரு செருப்பும் அப்பால் ஒரு செருப்பும் கிடந்தமையால் பின்னதே மூலபாடமாகத் தக்கது. மிளகாய் எப்பக்கம் சிந்தியது என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆயினும் தேர்ந்த தேனீ வளர்ப்போர் முதலாண்டினருக்குத் தரும் முதல் அறிவுரையே, கைவீசாமல் மரம்போல் நில் என்பதுதான். எனவே ஓரறிவுக்கு இறங்குதல் வீழ்ச்சி அன்று, தேர்ச்சி என்க. மதில் தாண்டியவர், மரமாவதற்கு ஒரு படி முன்னரே நின்றுவிட்டவராவார்.

இத்தனை அறிவையும் இழந்து தேடிய இராணி அன்று பெரும்பாலும் அகப்படுவதில்லை. அதற்காகப் பெட்டியை மீண்டும் கிளற வேண்டியதுமில்லை. இட்ட முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும். ஆகவே அறுகோண அறையின் அடியில் சிறு வெண்ணூல் துண்டுபோல் முட்டை இருந்தால், கடந்த மூன்று நாளுக்குள் இராணி அங்கே இருந்திருக்கிறது. முட்டை கண்ணில் பட்டதும் மூடியை மூடிவிடலாம்.