பிரிச்சது பிரிச்சாச்சு

கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது ஓர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "கார்ப்பரேஷன் வண்டியா சார்? கொசு மருந்தா?" என்று கேட்டார்.

கேட்க அவருக்கு உரிமை உண்டு. பின்னால் அவ்வளவு கரும்புகை. என்னுடையது 2008 மாடல் ஸ்விஃப்ட் டீசல்; ஓடியது 2,14,000 கிலோமீட்டர். கொஞ்ச நாளாகவே மேடு கண்டால் மிரண்டது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், வேகம் வராது. "குக்கர் கேஸ்கெட் போன மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. இன்ஜின் விஷயத்தில் பெண்டாட்டி பேச்சைக் கேட்கும் ஆண் இன்னும் பிறக்கவில்லை. நேரே ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே "டர்போ போச்சு" என்றார்கள். எஸ்டிமேட் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. பதினைந்து வயது முடிந்து ரீ-ரெஜிஸ்ட்ரேஷனுக்கு அப்போதுதான் அழுதிருந்தேன். ஒரு காலத்தில் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகிவிட்டது. ஆகவே பட்ஜெட் 15,000, அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதிவைத்துக்கொண்டு, எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விட்டேன்.

"எப்ப சார் ஆயில் மாத்துனீங்க?"

"தீபாவளிக்கு."

"எந்தத் தீபாவளிக்கு?"

பதில் சொல்லாமல் வானத்தைப் பார்த்தேன். டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் ஏற்பாடு. ஆல்ஃபிரட் பியூஷி என்ற சுவிஸ் பொறியாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மீந்த இட்லியை உப்புமா ஆக்கும் என் அம்மா கேட்டிருந்தால், "இதுக்கெல்லாமா பேட்டன்ட்டு?" என்றிருப்பாள். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல்கூடச் சுழலும். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். நானோ வீட்டில் தலைக்கு எண்ணெய் வைக்கிற அளவுக்குக்கூட அதற்கு வைக்கவில்லை.

அண்ணன் காற்றுக்குழாயைக் கழற்றி, உள்ளே இரண்டு விரலை விட்டுச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். வைத்தியர் நாடி பார்ப்பது போல் கண்ணை மூடிக்கொண்டார். "பக்கவாட்டுல துளி ஆடலாம் சார். உள்ளே வெளியே ஆடக் கூடாது. இது கல்லு மாதிரி நிக்குது." பிறகு டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸை வளைத்தார். கிளாம்ப்புக்கு அடியில், அதுவரை கண்ணில் படாத ஒரு வெடிப்பு வாயைத் திறந்து சிரித்தது. திணித்த காற்றெல்லாம் அங்கேயே போய்விடுகிறது; காற்றில்லாமல் டீசல் பாதி எரிந்து புகையாக வருகிறது. குக்கர் கேஸ்கெட்டேதான்! வீட்டில் இதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஹோஸ் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனேன். இந்த 1248 சிசி இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. மாருதி, டாடா வண்டிகளிலும் உட்கார்ந்ததால் 'தேசிய இன்ஜின்' என்றே ஒரு பட்டப்பெயர். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும் சாமான் கிடைக்கிறது. ஒரு கடையில் பழைய டர்போக்களைத் தேங்காய் மாதிரி குவித்திருந்தார்கள். "ஒன்பதாயிரம் சார். டாக்டர் ஓட்டுன வண்டி." பழைய வண்டிச் சந்தையில் நான் பார்த்த எல்லா வண்டியும் டாக்டர் ஓட்டியதுதான். இவ்வளவு வண்டியை ஓட்டிக்கொண்டு இவர்கள் எப்போது ஊசி போட்டார்கள்? ஆசையை அடக்கி, புது ஹோஸை மட்டும் 850 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். அண்ணன் ஸ்பேனரைத் துடைத்தபடி அந்த மந்திரத்தைச் சொன்னார்: "பிரிச்சது பிரிச்சாச்சு, இஜிஆர் வால்வையும் ஒரு பார்வை பார்த்துடலாமே சார்?"

பார்த்தோம். புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு அது. உள்ளே கரி அப்பி, பென்சில் நுழையத்தான் வழி இருந்தது. ஸ்குரூடிரைவரால் சுரண்டிச் சுரண்டி தினத்தாளில் கொட்டினார். ஒரு டபரா நிறையத் தேறும், பார்வைக்கு ஃபில்டர் காப்பிப் பொடியேதான். பிரிச்சது பிரிச்சாச்சு, ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் குளோ பிளக். நான்கில் மூன்று வந்தன. நாலாவது, சொத்துத் தகராறில் கையெழுத்துப் போடாத பங்காளி மாதிரி அசையவே இல்லை. இழுத்தால் உள்ளேயே முறிந்து ஹெட்டைக் கழற்ற வைத்துவிடும் என்பதால் இரண்டு நாள் எண்ணெய் ஊற்றிக் கெஞ்சினோம். அப்புறம் ஆயில், ஃபில்டர்கள், செப்பு வாஷர், இன்ஜின் மவுண்டிங். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதே மந்திரம். ஒரு கட்டத்தில் அதை நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

நோட்டில் கடைசி வரி: மொத்தம் 31,350. வண்டி ஓடாததற்கு 850. பிரிச்சதற்கு 30,500.

இப்போது கத்திப்பாராவில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. புகை இல்லை. ஏசிதான் போட்டால் சூடாகக் காற்று வருகிறது. அதற்கு டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டுமாம்.