நிக்குற மாட்டுக்குத் தீவனம்

மாப்ளே, "காரை வித்துரவா, வச்சுக்கிடவா மாமா?"ன்னு நீ கேட்டு மூணு நாளாச்சு. நானும் ஒன் வீட்டுப் பால்கனியில ஒக்காந்து வேடிக்கைதான் பாக்கேன். கீழ நிக்குற ஒன் வெள்ளைக் காரு அசையக் காணோம். அதுமேல ஒரு பூனை மட்டும் ஏறிப் படுக்குது, எறங்கிப் போகுது. மாசாமாசம் நீ தவணை கட்டுதே, மெத்தை பூனைக்கு!

ஒன்னையக் குத்தஞ் சொல்லலை. வந்து சேந்த ஊரு அப்படி. புனே பக்கத்துச் சாகண்ல பென்ஸ், மகிந்திரா, 2009ல தெறந்த போக்ஸ்வேகன், அதுபோக பஜாஜ் பைக்கு. தடுக்கி விழுந்தா வண்டி ஆலை. நீயும் பகல் பூராம் காருக்குக் கதவு மாட்டிட்டு, கம்பெனி பஸ்ஸுல ஜன்னலோரம் தூங்கிக்கிட்டே வாரே. திருநெல்வேலி அல்வாக்கடைக்காரரு சாயங்காலம் காராச்சேவுதான் திங்காரு. நீ அல்வாவைக் கிண்டி, அதையே தவணைக்கும் வாங்கி, திங்காம அலமாரியில பூட்டி வச்சிருக்கே.

ஞாயித்துக்கிழமை கோட்டையக் காட்டக் கூட்டிட்டுப் போனியே, எதுல? ஆட்டோவுல! கேட்டா, காரை நிறுத்த எடமில்லைங்கே. 1660ல மொகலாயத் தளபதி செயிஸ்தகான் பெரும்படையோட வந்து வளைச்சும், சிவாஜியோட கோட்டைக் காவலர் பிரங்கோஜி நர்சாலா ரெண்டு மாசம் போல உள்ள விடலைன்னு அங்கன வச்சுச் சொன்னே. பாவம், வாளெடுத்துச் சண்டை போட்டிருக்காரு மனுசன். இன்னைக்குன்னா இந்தத் தளேகாவ் சந்திப்புல நாலு கண்டெய்னர் லாரி குறுக்க நின்னாப் போதும். செயிஸ்தகான் ஹாரன் அடிச்சே கிழவனாயிருப்பான்.

நம்ம வீட்டு மாடு சும்மா நின்னாலும் தீவனம் திங்கும். ஆனா சாணியாவது போடும். ஒன் காரு என்னத்தைப் போட்டுது? ஆறு மாசம் தாண்டுனா இன்சூரன்ஸ்காரன் அதோட மதிப்புல 15 சதவீதத்தைக் கழிக்கான். நாலு வருசம் தாண்டுனா 50. நீ ஓட்டுனியா, பூனை தூங்குச்சான்னு அவன் கேக்கப் போறதில்லை. ஊருல வாங்குன டி.என். நம்பரு வேற. 12 மாசத்துக்கு மேல இங்கன நின்னா எம்.எச். நம்பருக்கு மாத்தி, வரியும் இங்கன கட்டணுமாமே. கட்டிக்குடுத்த பொண்ணுக்கு மறுபடியும் சீரு!

நேத்து சந்தையில வெங்காயம் கொண்டாந்த பெரியவரு ஒருத்தர்ட்ட, டெம்போ ஒங்களதான்னு கையைக் காட்டிக் கேட்டேன். எனக்கு மராத்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. சிரிப்பு மட்டும் ரெண்டு பேருக்கும் வந்துச்சு. சைகையிலயே சொல்லிட்டாரு, வாடகை வண்டியாம். வெங்காயம் இருக்கிற அன்னைக்கு வண்டி. இல்லாத அன்னைக்கு நிம்மதி. இந்தக் கணக்குக்கு அவரு எந்தக் காலேசுக்கும் போகலை.

ஒரு காலண்டரை எடு. சாவி திருப்புன நாளுக்கெல்லாம் புள்ளி வையி. ராத்திரியில பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவுக்கு மூச்சு முட்டல்னு எடுத்திருந்தியா, அந்தப் புள்ளிய ரெண்டா எண்ணிக்கோ, நாயம் அது. கழுவித் தொடைக்க எடுத்தது, பேட்டரி செத்துரக் கூடாதேன்னு தெருவைச் சுத்துனது, மச்சினனுக்குக் காட்ட ஓட்டுனது, இதெல்லாத்தையும் அழிச்சிரு. மிச்சப் புள்ளிக்கு வாடகைக் கார் எவ்வளவு ஆவும்னு போட்டுப் பாரு. அதையும் மீறிக் காரு ஜெயிச்சா வச்சுக்கோ, நான் வாயைத் தெறக்கலை.

என்ன முழிக்கே? ஊருல என்ன சொல்லுவாங்கன்னா? அதான பாத்தேன்! நீ தவணை கட்டுறது காருக்கில்லலே, நம்மூரு டீக்கடை பெஞ்சுக்கு. அந்தப் பெஞ்சுல தெனம் ஒக்காருறது யாரு? நான்தான. எவனாவது கேட்டான்னா சொல்லிருதேன்: "எம் மருமகன் என்ன ஒத்தக் காரா வச்சிருக்கான்? தெனமும் புதுசு புதுசாச் செஞ்சு, நிறுத்த எடமில்லாம ஊரூராத் தள்ளி விட்டுக்கிட்டிருக்கான்!"