ஒளிவிழா மேடையில் அச்சம்: இரத்தோட்டைச் சான்றுகளை முன்வைத்து ஒரு மீள்வாசிப்பு

இரத்தோட்டைப் பக்கத்து முன்பள்ளிகளின் நத்தார் ஒளிவிழா பற்றி முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் தேடவுமில்லை, இடைவெளி இருந்தால்தானே நிரப்பலாம்!

ஆய்வுக்களம் நக்கிள்ஸ் மலைச்சாரல். டிசம்பரில் ரிவர்ஸ்டன் பக்கமிருந்து இறங்கும் பனிமூட்டம் மண்டபத்து வாசலால் தானாகவே நுழைகிறது. இருந்தும் மேடைப் பனிக்கென்று பஞ்சு வாங்குகிறார்கள். ஆய்வுமுறை, பிளாஸ்டிக் கதிரையில் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருத்தல். இரத்தோட்டை இருக்கும் மாவட்டத்துக்கு எழுத்துப்பணி புதிதல்ல. அலுவிகாரையில் பிக்குகள் திரிபிடகத்தையே ஏட்டில் எழுதி முடித்தார்கள், மாநாட்டுக் கட்டணம் வாங்காமல்.

இனிப் பாத்திர வகைகள். மரியாள்: முடி நீளமானவள். சூசை: மையால் தாடி வரைந்ததும் பேச்சு நின்றவன். ஞானிகள்: மேடைக்கு வந்தவர் இருவர், மூன்றாமவர் கழிவறையில். எத்தனை ஞானிகள் என்று மத்தேயு சொல்லாததால் இதில் முரண் இல்லை. ஆடுமாடுகள்: 1223இல் கிரேச்சோவில் குடில் அமைத்த அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்தார். வசனம் மறக்காத நடிகர்களைத் தேர்ந்திருக்கிறார்.

சிக்கல் வானதூதரில் தொடங்குகிறது. இடையர்களிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லவேண்டிய அவர், சனத்தைக் கண்டதும் தானே வீறிட்டார். இடையர்கள் பயப்படவில்லை, அவருடைய இறக்கையிலிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள் (பார்க்க: என் கொப்பி, பக். 2).

ஆனால் அச்சத்தின் உச்சத்தைப் படம் எடுக்கும் நேரத்தில்தான் காணலாம். நத்தார் தாத்தாவின் மடியில் வைத்ததும் பிள்ளை ஏன் அழுகிறது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேராசிரியரும் இதற்கு உரை கண்டிருக்கிறார் (இவர் பழைய உரையாசிரியர், விண்ணப்பப் படிவம் நிரப்பிப் பேராசிரியர் ஆனவர் அல்லர்). நான்கும் ஒரே ஆளில் கூடலாம் என்பது இவர்களுக்குத் தோன்றவில்லை. நத்தார் தாத்தாவைப் பாருங்கள். நள்ளிரவில் வருவதால் அணங்கு. முகமெல்லாம் மயிர், ஆகவே விலங்கு. கூரை வழியே இறங்குகிறார், கையில் சாக்கு. கள்வர் என்பதற்கு வேறென்ன வேண்டும்? சிவப்பு அங்கியோடு உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து பரிசில் வழங்குவதால் இறை. (ஒப்புநோக்குக: மூன்றாம் வரிசை அப்பாயி ஒருவரின் வாய்மொழி, வெற்றிலை போடுமுன் ஒரு பாடம், போட்டபின் ஒரு பாடம், இரண்டாவதில் "கள்வர்" என்ற சொல் தெளிவில்லை, கேக் பெட்டி மூடியின் உட்புறம், எண்ணெய் ஊறாத மூலையில் பதிந்தது, அம்மூலையையும் பிறகு எறும்பு அரித்தது.) எறும்பு அரித்த பகுதியே என் கருத்துக்கு வலுவான ஆதாரம். நம் துறையில் இது வழக்கம்தான்.

இதற்கிடையே எல்லாத் தாய்மாரும் கைபேசியைத் தூக்கி "இங்க பாரு, இங்க பாரு" என்றதால், படத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் பார்க்கிறார்கள். இதற்குத் தனிக் கட்டுரை தேவை.

முடிவை உறுதிசெய்ய, மடியிலிருந்து மீட்கப்பட்ட சான்றாளரிடம் (வயது நான்கு) நேரில் விசாரித்தேன். அணங்கா, விலங்கா என்று வகை வகையாய்க் கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"அவருக்கு வாயே இல்ல மாமா."

பஞ்சுத் தாடியைத் திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். இதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று அவளிடமே கேட்டேன். அவள் கேக் கேட்டாள்.