ஒரு புள்ளியின் பொருட்டு

முந்தாநாள் இரவு, மானகிரி முழுதும் உறங்கி, நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சலும் ஓய்ந்துவிட்ட வேளையில், கலியாண வீட்டார் ஒருவர் என்னைத் தொலைபேசியில் எழுப்பி, "தம்பி, உறங்கிட்டீகளா?" என்று வினவினார். இவ்வினாவுக்கு உண்மையான விடை பகரும் பாக்கியம் எவருக்கும் வாய்ப்பதில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். "இல்லண்ணே, சொல்லுங்க" என்றேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள், எவரிடமும் உத்தியோகம் பாராமல் வீட்டிலிருந்தபடியே கலியாணப் பத்திரிகை வடிவமைத்துப் பிழைக்கும் என்போன்றோர் வாடிக்கையாளரிடம் எல்லை வகுத்துக்கொள்ளும் உபாயத்தை எழுதிவிடலாமென்றே அமர்ந்தேன்.

அவர் எழுப்பிய காரணம் ஒரு புள்ளி. நகரத்தார் விலாசத்தின் மகிமையை அறியாதவர்கள் இதை அற்ப விஷயம் என்பார்கள். பெயருக்கு முன் நிற்கும் அவ்விலாசத்தில் ஒவ்வொரு தலைப்பெழுத்தும் ஒரு முன்னோர். புள்ளி விடுபட்டால் இரண்டு பாட்டனார்கள் ஒருவராகி ஒரு தலைமுறையே மறைந்துபோகும். மிகுந்தாலோ, பிறவாத பாட்டனார் ஒருவர் பிறந்து பங்குக்கு நிற்பார். ஆகவே 'ராம' என்பதன்பின் புள்ளி இட்டேன். காலையில் பெரியப்பா வந்து அங்கே புள்ளி கூடாது என்றார், எடுத்தேன். பிற்பகலில் சிங்கப்பூர்ச் சித்தப்பா, பழைய பேரேட்டில் புள்ளி இருக்கிறது, அண்ணனுக்கு என்ன தெரியும் என்றார், இட்டேன். இட்டது கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆச்சி குறைப்பட, பெரிதாக்கினேன். தங்கள் பக்கத்துப் புள்ளிகள் மட்டும் சிறுத்திருப்பானேன் என்று சம்பந்தி வீட்டார் மனம் வருந்த, அவற்றையும் பெரிதாக்கினேன். அதனால் வரி நீண்டு, மணமகன் பெயர் அடுத்த வரிக்கு இறங்கிற்று. மணமகன் இறங்குவதாவது! எல்லாப் புள்ளிகளையும் சிறுக்கினேன். சிறுத்தவை அச்சில் தூசியாகத் தெரியுமே என்று, தமக்கு நண்பகலும் எனக்கு நடுநிசியுமான முகூர்த்தத்தில், கலிபோர்னியாவிலிருந்து அம்மான் ஒருவர் கவலை தெரிவித்தார். புள்ளியே வேண்டாம், சிறு கோடு இடலாமே என்று யாரோ யோசனை சொன்னதாகவும், சொன்னவருடன் பெரியப்பா இப்போது பேசுவதில்லை என்றும் கேள்வி.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார், அரிய நூல்களோடு இத்தகைய கலியாணப் பத்திரிகைகளையும் சேகரித்து வைத்தார். 1992-இல் அவர் காலமான பின், அத்தொகுப்பைக் கொண்டே 1994-இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் தோன்றிற்று. அச்சாகி வந்தவற்றைச் சேர்த்ததோடு அவர் நின்றது தேசத்தின் அதிர்ஷ்டம். திருத்தப் படிகளையும் சேர்ப்பதென்றால் கானாடுகாத்தான் மாளிகைகளும் போதா.

இத்தனைக்கும் இது எழுத்தில்லாமல் காரியம் நடவாத நகரத்தார் சீமை. பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன, அதாவது அங்கே தொழில் நடத்தப் போன மேலாளுக்கு மூன்று வருஷத் தவணை, இன்ன சம்பளம், அதில் இன்னது முன்பணம் என்று பேசி முடித்துத்தான் கப்பலேற்றினார்கள். கலியாணத்தன்று திருமண ஒப்பந்தமாய் இசைகுடிமானம் எழுதுகிறார்கள், மொய் எழுதுகிறார்கள். அந்தக் கலியாணத்துக்குப் பத்திரிகை செய்பவனுக்கு மட்டும், "நம்ம வீட்டுப் பிள்ளை, சொல்லணுமா?" என்ற வாய்மொழியே சாசனம். கூலி கேட்கும்போதுதான் நான் அயல்வீட்டானாகிறேன்.

'மாலை 6 மணிக்கு மேல் அழைக்க வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வைத்தேன். 6.05-க்கு ஒருவர் அழைத்து, "இது மத்தவுகளுக்குத்தானே தம்பி?" என்று தெளிவுபெற்று, அப்படியே ஒரு திருத்தமும் சொன்னார்.

ஆகையால் நேற்று, திருத்தம் இருமுறைக்குமேல் இல்லை, அழைப்பு பகலில் மட்டும், பாதிப் பணம் முன்கூட்டி என்று உடன்படிக்கை ஒன்றைத் தட்டச்சு செய்து, புள்ளி வீட்டாருக்கு அனுப்பினேன். அதை முழுதும் வாசித்ததாகச் சொன்ன, முந்தாநாள் எழுப்பிய அந்த அண்ணன், "எழுத்து ரொம்ப லட்சணமா இருக்கு தம்பி, இதே எழுத்துலயே பத்திரிகையைப் புதுசா ஒருக்காப் போட்டுருங்க" என்றார்.