மிச்சில் தாதா

கொல்கத்தாவின் பெஹாலாவில் தாதா என்றால் சௌரவ் கங்குலி. எங்கள் சந்தில் மட்டும் இந்த மிச்சில் தாதா. நம்மூர் அர்த்தத்தில் படித்துவிடாதீர்கள். கொசு அடிக்கவும் மனசு வராதவர்.

1967இல் நக்சல்பாரி விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தபோது தாதாவுக்கு எட்டு வயது. தெருவிலிருந்த அண்ணன்மார் தலைமறைவானபோது இவர் கணக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார். அப்புறம் பாங்க் உத்தியோகம். புரட்சி வந்தது நாற்பத்தெட்டு வயதில், சர்க்கரையோடு சேர்ந்து.

2007 நவம்பர் 14. நந்திகிராமத்தில் சுடப்பட்ட விவசாயிகளுக்காகக் காலேஜ் ஸ்கொயரிலிருந்து எஸ்பிளனேடு வரை பேரணி. கட்சிக்கொடி இல்லை, கோஷம் இல்லை. கவிஞர் சங்க கோஷ் நடந்தார், நடிகை அபர்ணா சென் நடந்தார், தாதாவும் நடந்தார். அத்தனை வங்காளிகள் ஒன்றுகூடி வாய் திறக்காமலிருந்தது அன்றைக்குத்தான். அந்த மௌனத்தைப் பற்றித் தாதா பேச ஆரம்பித்தார், இன்னும் நிறுத்தவில்லை.

"செருப்புச் சத்தம் மட்டும்தான், மொஷாய்!" என்று மீன் கடையில் கத்துவார். அரிவாள்மணையில் கட்லா நறுக்குகிறவர் ஒருவர்தான் அங்கே மௌனம் காப்பவர். ஜோக்கா மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்தால் தாராதலா வரைக்கும் மௌனமேதான். முழங்கால் வலி என்று நான் நழுவினால், "மஹாஸ்வேதாதிக்கு அப்போ எண்பத்தொன்று! நந்திகிராமத்துக்காகக் குரல் கொடுத்தாங்க. உங்களுக்கு வலியா?" என்பார். எழுத்தாளர் மஹாஸ்வேதா தேவி அவருக்கு உடன்பிறந்த அக்கா மாதிரி. (தாதாவின் வேட்டிக்குள் இரண்டு நீகேப் இருப்பது எனக்குத் தெரியும்.)

வங்க மொழியில் ஊர்வலத்துக்கு 'மிச்சில்' என்று பேர். தமிழில் மிச்சில் என்றால் தின்று மீந்தது. எனக்கு வாய்த்தது இரண்டாவது.

போன மழைக்குச் சந்தில் முழங்கால் தண்ணீர். சாக்கடை அடைப்பைப் பற்றி மனு எழுதிக் கொண்டுபோனேன். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினார். கையெழுத்துப் போடவில்லை. "இது சீர்திருத்தவாதம். அமைப்பையே மாற்றணும்." அமைப்பு மாறும்வரை என் ஸ்கூட்டர் நீந்த வேண்டுமா? இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எழுபது வீடு கையெழுத்துப் போட்டது, இவர் போடவில்லை.

2024 ஆகஸ்ட் 14 ராத்திரி, ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் கொல்லப்பட்ட டாக்டர் பெண்ணுக்காக நகரமெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். எங்கள் சந்துப் பெண்களும் கிளம்பினார்கள். எல்லோருக்கும் பின்னால் தாதா, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில் பை. "தாத்து, இங்கே ஒரு பாட்டில்" என்று பெண்கள் கூப்பிட்டபோதெல்லாம் ஓடினார். மஹாஸ்வேதாதி பேச்சே இல்லை.

இரண்டரை மணிக்குத் திரும்பி வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்தார். 2007 வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"மொஷாய், கால் ரொம்ப வலிக்குது" என்றார்.