காரிக்கு ஒரு ரோடு

ரோட்டுக்குப் பெயர் வைக்க வள்ளலைத் தேடி அலையும் ஊர்கள் உண்டு. கள்ளக்குறிச்சிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி நம்ம திருக்கோவிலூர்க்காரன். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் நம் மாவட்டத்துத் துண்டுக்கு அவன் பெயரை வைக்கலாம் என்பது என் கட்சி. பெயர் வைக்குமுன் ஆளைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதானே முறை? விசாரித்தேன்.

சாட்சிகள் எல்லாரும் புலவர்கள், அதாவது பரிசில் வாங்கியவர்கள். முதல் சாட்சி கபிலர். குடித்த மப்பில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாராலும் முடியும், காரி தெளிவாக இருக்கும்போதே கொடுப்பவன் என்கிறார் புறநானூற்றில். இரண்டு பாட்டு முன்னாலேயே ஒரு முணுமுணுப்பும் உண்டு: கொடுப்பது சுலபம், தரம் பார்ப்பதுதான் கஷ்டம், ஆகவே எல்லாப் புலவரையும் ஒரே கண்ணால் பார்க்காதே. பச்சையாகச் சொன்னால், ‘அவனுக்கும் எனக்கும் ஒரே கவரா?’

இவ்வளவு வாரிக் கொடுக்க வரும்படி எங்கிருந்து? அதையும் கபிலரே போட்டுக் கொடுத்துவிட்டார். மூவேந்தரில் யாராவது ஒருவர் துணைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புவார்கள், பொருள் வரும். இன்னொரு புலவரின் பாட்டில், ஜெயித்தவன் ‘இவனால் ஜெயித்தோம்’ என்கிறான்; தோற்றவன் ‘இவன் இல்லாவிட்டால் ஜெயித்திருப்போம்’ என்கிறான். இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட ஒரே ஒப்பந்ததாரர் அவனாகத்தான் இருக்கும்.

அப்படி எடுத்த வேலைகளில் ஒன்று கொல்லிமலை. அங்கே வல்வில் ஓரி, அவனும் கடையெழு வள்ளல்களில் ஒருவன். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர், ஓரியின் குதிரைக்கும் ஓரி. லைசென்சிலும் ஆர்.சி. புக்கிலும் ஒரே பெயர்! காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனிடம் ஒப்படைத்தான். கொன்றபின் ஓரியின் பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த கூச்சலை நற்றிணை பதிவு செய்திருக்கிறது. காரியையும் தெருவையும் சேர்த்துச் சொல்லும் பழைய ஆவணம் இது. இதைப் பெயர்சூட்டு விழா மலரில் போட முடியாது.

இன்னொரு பக்கம், தகடூரிலிருந்து அதியமான் வந்து காரியின் ஊரான கோவலூரையே அடித்து நொறுக்கினான். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான்தான். அவனைச் சேரன் கவனித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் ஏழு பேரையும் வரிசையாக ஒப்பிக்கச் சொன்னார்களே தவிர, ஒருத்தரை ஒருத்தர் என்ன செய்தார்கள் என்று எந்த வாத்தியாரும் மூச்சு விடவில்லை.

பெயர் வைப்பதில் நமக்கும் முன் அனுபவம் உண்டு. 1993-ல் பிறந்த விழுப்புரம் மாவட்டம் ராமசாமி படையாட்சியார் பெயரைத் தாங்கியிருந்தது. கள்ளக்குறிச்சி அப்போது அதற்குள்தான். 1997-ல் தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைக்கப்போய்ச் சாதிக் கலவரமானது. அரசு எல்லா மாவட்டத்திலும் எல்லா பஸ்ஸிலும் இருந்த தலைவர்களை ஒரேயடியாக இறக்கிவிட்டது. 2019 நவம்பரில் தனி மாவட்டமானபோது கள்ளக்குறிச்சி வெறும் கள்ளக்குறிச்சியாகவே வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. காரி சாதிச் சான்றிதழ் எதையும் விட்டுப் போகவில்லை. எல்லாரும் உரிமை கொண்டாட அது ஒன்று போதும்.

எல்லைத் தகராறும் வரும். கொல்லிமலையில் ஆடிதோறும் வல்வில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது. காரியின் பலகையை மேற்கே ஆத்தூர்ப் பக்கம் நீட்டிக்கொண்டே போனால் ஓரி ஆட்கள் சும்மா இருப்பார்களா? வலது கைப்பக்கம் கல்வராயன் மலை கூடவே வரும். அதைப் பார்த்துக்கொண்டே நட்டுக்கொண்டு போய், சேலம் மாவட்ட எல்லையில் மரியாதையாக நிறுத்திக்கொள்வது நல்லது.

கபிலர் இன்னொன்றும் சொல்கிறார். நாள் சரியில்லை, சகுனம் சரியில்லை, நேரம் தெரியாமல் போய் நின்று தாறுமாறாக உளறினாலும், காரியிடம் போனவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார். இந்த ரோட்டிலோ மாடூரில் சுங்கச்சாவடி இருக்கிறது. ஃபாஸ்டேக்கில் காசு தீர்ந்து நிற்பவன் அங்கே என்ன உளறினாலும் தடுப்புக்கட்டை தூக்காது. ஆகவே நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம்: காரி பெயரை வைத்தால், வைக்கிற அன்று ஒரு நாளாவது மாடூரில் கட்டணம் வாங்காதீர்கள். முடியாது என்றால் வேறு யார் பெயரையாவது வையுங்கள்.