இருபது தாடைக்காரன்

கோணேசர் கோயிலுக்குப் போய் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கொரு சந்தேகம். பத்துத் தலைக்காரன் நாணை இழுத்துக் கையை எந்தத் தாடையில் கொண்டுபோய் வைத்திருப்பான்? பத்து முகம், இடமும் வலமுமாக இருபது தாடை. ஒரு அம்புக்கு மூன்றாம் தலை, அடுத்ததற்கு ஏழாம் தலை என்று மாறி மாறி வைத்திருந்தால், இலங்கை விழுந்ததற்கு விபீஷணனை மட்டும் குறை சொல்லக் கூடாது.

இந்த நோயை எனக்குத் தொற்றவைத்தவன் கனடாவிலிருந்து லீவில் வந்த அக்கா மகன். அங்கே கம்பவுண்ட் வில் விடுகிறான். வில்லை வீட்டில் வைத்துவிட்டு, மணிக்கட்டில் கட்டி நாணை விடுவிக்கும் ரிலீசையும் ஒரு துண்டு நைலோன் கயிற்றையும் மட்டும் கொண்டுவந்திருந்தான். விடிந்தால் உவர்மலை வீட்டு விறாந்தையில் நின்று இடக்கையை நீட்டி, கயிற்றை இழுத்து, தாடையில் கையை ஊன்றிக் கண்ணை மூடுவான். முன்வீட்டு அன்ரி, "தம்பிக்குப் பல்லுக்குத்தோ?" என்று கிராம்பெண்ணெய் கொடுத்தனுப்பினா.

அவன் தேடியது 'ஆங்கர்'. இழுத்த கை ஒவ்வொரு முறையும் முகத்தில் வந்து நிற்கவேண்டிய அதே இடம். இதைச் சிக்கலாக்கியவர் 1969இல் கம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஹோலஸ் வில்பர் அலன். வில்லின் முனைகளில் சில்லுப் பூட்டினார். 60 இறாத்தல் வில்லை முழுதாக இழுத்தபின், 80 வீதம் பாரம் குறையும் வில்லென்றால், கையில் நிற்பது 12 இறாத்தல்தான். பாரம் இறங்கியதும் கை, பென்சன் எடுத்த உத்தியோகத்தர் மாதிரி, முகமெல்லாம் உலாத்தத் தொடங்கிவிடும்.

உலாத்தினால் என்ன? போட்டித் தூரம் 50 மீற்றர். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்ரிமீற்றர். 70 சென்ரிமீற்றர் அம்பின் வால் ஒரு மில்லிமீற்றர் விலகினால், வெறுங் கணக்குப்படி அங்கே 7 சென்ரிமீற்றர் தள்ளிக் குத்தும். அதனால்தான் மூன்று சாட்சி வைத்திருக்கிறார்கள்: விரல்மொளி காதுக்குக் கீழே தாடையெலும்பில், நாண் மூக்கு நுனியில், நாணில் செருகிய பீப் துளைக்குள் குறிவளையம் நட்டநடுவில். கன்னச் சதையை நம்பக் கூடாது. அது கொத்துரொட்டிக்குத் தக்கபடி கூடிக் குறையும்.

நானும் கயிற்றைப் பிடித்தேன்.

"மாமா, முதல்ல வெத்திலையைத் துப்பிப்போட்டு வாங்கோ."

துப்பினேன்.

"இப்ப கதைக்காதேங்கோ. வாய் திறந்தா தாடை இறங்கும், தாடை இறங்கினா ஆங்கரும் இறங்கும். பல்லு ஒவ்வொருக்காலும் ஒரே மாதிரி மூடியிருக்கவேணும்."

"அருச்சுனன் போர்க்களத்தில நிண்டு பதினெட்டு அத்தியாயம் கதைச்சவனெல்லோ?"

"அப்ப அவர் வில்லைக் கீழ போட்டிருந்தவர், மாமா."

கனடாவில் வளர்ந்த பிள்ளை கீதையும் படித்திருக்கும் என்று நான் கண்டேனா?

2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறுகிறது. ஆசையுள்ள பிள்ளைகள் கயிற்றோடு பழகத் தொடங்கலாம். கயிற்றுக்குச் செலவில்லை. வில் கிடைத்தபின் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: அம்பு பூட்டாமல் நாணை விட்டால் வில்லே உடையக்கூடும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை இழுத்து நிற்கிறபோது, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காதீர்கள்.